பல்சருக்குக் கூலண்ட்: பச்சையா, சிவப்பா, வெறும் தண்ணீரா?

பாலாறு_பல்சர்:
வணக்கம். ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 2017 மாடல் பல்சர் என்.எஸ்.200, போன தீபாவளிக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் முத்துக்கடை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். மீட்டரில் சூடு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் ரேடியேட்டருக்கான ரிசர்வ் டப்பாவில் ஒரு சொட்டு இல்லை. பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி டப்பாவில் ஊற்றி, உருட்டாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை டப்பாவுக்குள் பார்த்தால் டீத்தூள் கழுவின நிறம். பழைய ஓனருக்கு போன் போட்டேன். "குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுவேன், மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார்.

தண்ணீருக்குப் பதிலாக இன்ஜின் சூட்டை இறக்க ஊற்றுகிற கூலண்ட் கேட்டேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று கேன் எடுத்து வைத்தார்கள். பச்சை பைக்குக்கு, சிவப்பு காருக்கு, நீலம் வெளிநாட்டு வண்டிக்கு என்று கடைக்காரர் சொன்னார். இதில் எதை வாங்குவது? கார் கூலண்ட் விலை பாதிதான். அதை ஊற்றினால் கெட்டுவிடுமா?

ஸ்பேனர்_மதுரை:
தம்பி, மூன்று கேனையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் விற்பான். அது போதும். 27 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கூலண்ட் என்பது பனி விழுகிற ஊருக்காகக் கண்டுபிடித்தது. அங்கெல்லாம் அதற்குப் பெயரே ஆன்டிஃப்ரீஸ். ராணிப்பேட்டையில் எது உறையப் போகிறது? மனுஷனே உருகிக்கொண்டிருக்கிறான். சூட்டை இழுப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் தொழில் கற்றது அம்பாசிடரில். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவோம். லாரிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு தண்ணீர் கேன் வைத்திருப்பார்கள். எந்த இன்ஜினும் சாகவில்லை.

லேப்_கோட்டு:
ஸ்பேனர் அண்ணனிடம் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் ராஜா. கூலண்டில் இருக்கிற கிளைக்கால் என்கிற திரவம் பாதி, தண்ணீர் பாதி கலந்தால், லிட்டர் கணக்கில் அந்தச் சக்தி பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். இதை எந்த கூலண்ட் கம்பெனியும் கேனில் அச்சடிக்காது.

ஆனால் அம்பாசிடரை இங்கே இழுக்காதீர்கள். அந்த இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பு, பித்தளை. கனமான சாமான், துரு பிடித்தாலும் தேய்ந்து முடிக்க வருஷக்கணக்காகும். பல்சரில் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். ரேடியேட்டர் குழாயின் சுவர் எவ்வளவு மெலிசு என்று பழையது ஒன்றை அறுத்துப் பார்த்தால் தெரியும், தகர டப்பா மாதிரி. குளோரைடு உள்ள தண்ணீர் அதில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும்.

கூலண்டில் உறையாமல் வைக்கிற கிளைக்கால் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. நமக்குத் தேவையானது அதோடு வருகிற அரிப்புத் தடுப்பு மருந்து. அந்த மருந்து இல்லாத வெறும் கிளைக்கால் தண்ணீரைவிட மோசம். சூட்டில் அது மெல்ல அமிலமாக மாறி உலோகத்தைத் தின்னும். அதனால்தான் கூலண்டுக்கு ஆயுள் உண்டு. ராணிப்பேட்டை நண்பருக்குத் தனியாக ஒன்று: உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரா? தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. அந்த மண்ணின் தண்ணீரைப் போய் அலுமினியத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார் அந்தப் பழைய ஓனர்.

ஸ்பேனர்_மதுரை:
குழாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்? நான் டிஸ்டில்டு என்று எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள் சார். அதில்தான் உப்பே இல்லையே, எது அரிக்கும்?

லேப்_கோட்டு:
அண்ணே, உப்பு இல்லாவிட்டால் அரிப்பு மெதுவாகும், நிற்காது. அலுமினியம், எஃகு எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டு, 90 டிகிரிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி மாதிரிதான். காப்பாற்ற ஆள் யாராவது உள்ளே இருக்க வேண்டும்.

நண்பர் சொன்ன டீத்தூள் நிறத்தைக் கவனியுங்கள். அலுமினியம் அரித்தால் வெள்ளைக் கூழ் வரும். பழுப்பு வந்தால் எஃகு கரைகிறது என்று அர்த்தம். வாட்டர் பம்ப் தண்டு, ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் இரண்டும் சந்தேகப் பட்டியலில் முதலில். ஊற்றின தண்ணீரிலேயே இரும்பு இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ட்ராக்_டே_தம்பி:
நான் ஸ்பேனர் அண்ணன் கட்சி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஓட்டுகிறேன். அங்கே போகும்போது கிளைக்காலை இறக்கிவிட்டுத் தண்ணீர்தான் ஊற்றுவேன். மோட்டோஜிபி உலக பைக் ரேஸ் விதியே அப்படித்தான்: கூலண்டாகத் தண்ணீர், அல்லது தண்ணீரும் எத்தில் ஆல்கஹாலும். உலகத்திலேயே அதிகம் சூடாகிற பைக்குகள் தண்ணீரில் ஓடும்போது ஆபீஸ் போய்வருகிற பல்சருக்கு என்ன பயம்?

மூணாவது_கியர்:
தம்பி, அந்த விதி இன்ஜினைக் காப்பாற்றப் போட்டது இல்லை, பின்னால் வருகிறவன் எலும்பைக் காப்பாற்றப் போட்டது. கிளைக்கால் தரையில் சிந்தினால் சீக்கிரம் காயாது, வழுக்கும். அதுதான் காரணம். அப்புறம், அந்த ரேஸ் வண்டிகளில் தண்ணீர் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது? நீங்கள் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.

ட்ராக்_டே_தம்பி:
ட்ரெயின் பண்ணிவிட்டு கூலண்ட் ஊற்றுவேன் அக்கா. சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் ட்ராக்கில் தண்ணீரோடு ஓட்டும்போது மீட்டரில் சூடு இறங்குவதை என் கண்ணால் பார்க்கிறேன். அதையும் மறுக்க முடியாது.

நாலு_சிலிண்டர்:
இவ்வளவு சண்டை எதற்கு? தண்ணீரே இல்லாத கூலண்ட் வந்துவிட்டது. கொதிநிலை 180 டிகிரி பக்கம். சிஸ்டத்தில் பிரஷர் ஏறாது, ஹோஸ் வெடிக்காது, தண்ணீர் இல்லாததால் துருப் பேச்சே இல்லை. ஒருமுறை ஊற்றினால் வண்டியை விற்கிற வரை மறந்துவிடலாம். விலை இருக்கிறது, ஆனால் தரம் வேண்டுமென்றால் காசைப் பார்க்கக் கூடாது.

லேப்_கோட்டு:
கொதிக்காது என்பதும் சூட்டைச் சுமக்கும் என்பதும் வேறு வேறு. தண்ணீரில்லாத கூலண்டின் சூடு சுமக்கும் திறன் பாதிக்குப் பாதி கலவையைவிடவும் கீழே. அதனால் இன்ஜின் சூடாகவே ஓடும், கொதிக்காமல் சூடாக ஓடும், அவ்வளவுதான். ஊற்றுவதற்கு முன் உள்ளே இருக்கிற தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சொன்ன கொதிநிலை கிடைக்காது. வழியில் குறைந்தால் எங்கே வாங்குவீர்கள்? வந்தவாசியிலா?

நாலு_சிலிண்டர்:
வழியில் குறையாது. அதுதானே விஷயம்.

மூணாவது_கியர்:
குறையும். ஒரு கல் தெறித்தால் போதும். என் கதையைச் சொல்கிறேன், கோயம்புத்தூரிலிருந்து லடாக் போய்வந்த கதை. வண்டி டோமினார். கிளம்பும்போது, தண்ணீர் கலந்தே விற்கிற நல்ல ரெடி மிக்ஸ் கூலண்ட் இருந்தது. வழியில் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து ஒழுகியது தெரியாமல், ரிசர்வ் டப்பா குறையக் குறைய மணாலியில் வாங்கின தண்ணீர் பாட்டிலை ஊற்றிக்கொண்டே போனேன். செப்டம்பர் கடைசி. மணாலியிலிருந்து லே போகிற வழியில் சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கினோம். காலையில் எழுந்து வண்டியைப் பார்த்தால் டப்பாவுக்குள் ஐஸ் மிதக்கிறது. கோலமாவுக் கரைசல் மாதிரி குழகுழவென்று இருந்தது. ரேடியேட்டருக்குள் இன்னும் கொஞ்சம் கிளைக்கால் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து பாதிக்குப் பாதி, அதாவது மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்று போட்ட கேன் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

இன்னொன்று. மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். லடாக்கில் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தத்தால்தான் வண்டி ஓடுகிறது.

லேப்_கோட்டு:
சென்னை மணலிதான் என் வேலை ஊர், அக்கா, அதனால் முதலில் குழம்பிவிட்டேன். எங்கள் மணலியில் ஐஸ் விழுந்தால் செய்தியில் வரும்.

அந்த மூடி விஷயம்தான் இந்தத் திரியில் யாரும் தொடாதது. கணக்கைப் பாருங்கள். பல பைக்குகளின் மூடியில் 1.1 என்று பொறித்திருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 121 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் என்றால் 128 பக்கம். ஆக கூலண்ட் கூட்டித் தருவது ஏழு டிகிரி, மூடி தருவது இருபது டிகிரிக்கு மேல். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கூலண்ட் ஊற்றினாலும் நெரிசலில் கொதிக்கத்தான் செய்யும்.

அளவில் மட்டும் மூணாவது கியர் அக்காவோடு ஒத்துப்போகவில்லை. லடாக் போகாதவனுக்கு மைனஸ் 37 தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் போதும், சூடும் நன்றாக இழுக்கும். ஆனால் அதற்குக் கீழே போகக் கூடாது, மருந்தும் கிளைக்காலோடு சேர்ந்துதானே நீர்த்துப்போகிறது.

மூணாவது_கியர்:
ஏட்டுக் கணக்கு சரி. பழகாத ஆள் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்கிக் கண்ணளவில் கலந்து, மூன்றில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஆறில் ஒன்று ஊற்றுவான். ரெடி மிக்ஸ் கேனைத் திறந்தோமா, ஊற்றினோமா என்று இருக்கட்டும். ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிகிறது, அதுவும் தமிழ்நாடுதான்.

ஸ்பேனர்_மதுரை:
எல்லாரும் எதை ஊற்றுவது என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஊற்றினது எங்கே போனது என்று ஒருத்தர் கேட்டீர்களா? மூடின சிஸ்டம் அது. சும்மா காலியாகாது. தம்பி, இப்படிச் செய்யுங்கள். வண்டி ராத்திரி முழுக்க ஆறட்டும். சூட்டோடு மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் தெருவிலேயே ஒருத்தர் இருக்கிறார். முதலில் இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே கலக்கிறது, அது வேறு கதை. இல்லையென்றால் வாட்டர் பம்ப் கவருக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள், சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அங்கே ஈரமோ, காய்ந்த கறையோ இருந்தால் சீல் போய்விட்டது என்று அந்த ஓட்டை சொல்கிறது. அதற்காகத்தான் வைத்திருக்கிறான். சிலர் ஒழுகுகிறது என்று அதை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு என்னிடம் வருவார்கள். வாயில் நன்றாக வரும்.

நாலு_சிலிண்டர்:
கலர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பைக்குக்குப் பச்சை என்பது தவறு. பச்சை பழைய டெக்னாலஜி. சிவப்புதான் புதிது, ஐந்து வருஷம் வரும்.

லேப்_கோட்டு:
நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்ல இது மாம்பழம் இல்லை. சாயம் கம்பெனி இஷ்டம். கலர் சோடாவுக்கு ஊற்றுகிற மாதிரிதான். உள்ளே இருக்கிற மருந்து எந்த வகை என்று பார்க்க வேண்டும். பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் மாதிரி உப்புகள், இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். ஓ.ஏ.டி. என்கிற கரிம அமில வகை ஐந்து வருஷம் வரை தாங்கும். இரண்டும் கலந்த ஹைப்ரிட் ஒன்று உண்டு. ஜப்பான்காரர்கள் சிலிகேட்டைத் தவிர்ப்பார்கள், பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது அவர்கள் அனுபவம். ஐரோப்பாக்காரர்கள் பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள், அங்கே தண்ணீர் கடினம், பாஸ்பேட் சேர்ந்தால் படிமமாகும். இரண்டு பேரும் அவரவர் கோணத்தில் சரி. ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றினால் ஆயுள் குறையும், சில ஜோடிகள் களியாகக் கட்டிக்கொள்ளும்.

கார் கூலண்ட் கேள்விக்கு: ஊற்றலாம். அலுமினியத்துக்கு ஏற்றது, சிலிகேட் இல்லாதது என்று கேனில் இருக்க வேண்டும், இந்தியத் தரமான ஐ.எஸ். 5759 அல்லது ஜப்பான் தரமான ஜே.ஐ.எஸ். கே 2234 எண் இருந்தால் இன்னும் நல்லது. பைக் படம் ஒட்டின பாட்டிலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் பாதி அந்தப் படத்துக்கு. லாரிக்கான கூலண்ட் மட்டும் வேண்டாம். டீசல் இன்ஜினின் லைனர், அதாவது சிலிண்டரின் உள் உறை, அதற்காகச் சேர்த்த நைட்ரைட் அதில் இருக்கும், அலுமினியத்துக்கு ஒத்துவராது.

ட்ராக்_டே_தம்பி:
கார் கூலண்ட் ஊற்றச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கம்பெனி மேனுவலில் ஒன்றைப் போட்டிருக்கிறான், அதை விட்டு வேறு எதற்கு? வாரண்டி இருக்கிற வண்டி என்றால் மொத்தமும் போகும்.

லேப்_கோட்டு:
வாரண்டி இருக்கிற வண்டிக்கு நான் பேசவில்லை. எட்டு வயது வண்டி, மூன்று வருஷம் பாலாற்றுத் தண்ணீர் குடித்த வண்டி. மேனுவல் சொல்கிற வகையைப் பாருங்கள், பிராண்டை விடுங்கள் என்கிறேன்.

பாலாறு_பல்சர்:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. சொல்கிறேன்.

ஆயில் சுத்தம், வெளுக்கவில்லை. மூடியின் ரப்பரை நகத்தால் தொட்டேன், விளிம்பு உதிர்ந்து கையோடு வந்தது. பம்ப் அடியில் ஸ்பேனர் அண்ணன் சொன்ன ஓட்டையைத் தடவினால் ஈரம் இல்லை, ஆனால் அதிலிருந்து கீழே வரை வெள்ளைக் கோடு ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது, சுவரில் உப்புப் பூத்த மாதிரி. ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது காபி. பிறகு காபிக்குள் மணல் மாதிரி வந்தது. ஆறு தடவை டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கழுவின பிறகுதான் தெளிந்தது. மொத்தம் ஒரு லிட்டர் சொச்சம்தான் கொள்ளும் சிஸ்டத்துக்கு 8 லிட்டர் செலவு.

புது மூடி வாங்கியாயிற்று. பம்ப் சீல் மாற்ற வண்டியை வேலூரில் விட்டிருக்கிறேன். ஒரு கேள்வி: கழுவ வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதாதா? 8 லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு அம்மா திட்டினார்கள்.

லேப்_கோட்டு:
முதல் நாலு தடவைக்கு ஆர்.ஓ. போதும், கடைசி இரண்டும் டிஸ்டில்டு. ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காக உப்பைத் திரும்பக் கலந்து விடுகிறார்கள். கடையில் வாங்குகிற பாட்டில் தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான். அவசரத்துக்கு ஊற்றலாம், ஆபத்துக்குப் பாவமில்லை. உள்ளேயே விட்டு வைக்கக் கூடாது.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தீர்களா அண்ணே? தண்ணீர்க் கடினம் படிந்து, மணலாக உதிர்ந்து, சீலைத் தேய்த்திருக்கிறது. வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்பேனர்_மதுரை:
எட்டு வருஷ ரப்பர் சார் அது. பன்னீர் ஊற்றினாலும் போயிருக்கும். என் கடையில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய வாட்டர் பம்ப் கிடக்கிறது. நேற்று ராத்திரி உங்களுக்காகவே கொட்டிப் பார்த்தேன், பதினொன்று. ஏழில் இம்பெல்லர் தண்டு துரு. நாலில் தண்டு பளபளவென்று இருக்கிறது, சீல் மட்டும் போயிருக்கிறது. அந்த நாலும் கூலண்ட் ஊற்றின வண்டியா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கஸ்டமர் எல்லாரும் கூலண்ட் ஊற்றினேன் என்றுதான் சொல்வார்கள்.

லேப்_கோட்டு:
துருப்பிடித்த அந்த ஏழு பேருமா?

ஸ்பேனர்_மதுரை:
ஏழு பேரும்தான்.

மூணாவது_கியர்:
ராணிப்பேட்டைத் தம்பி, புதுசு ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே காற்று மாட்டினால் ஹெட்டில் தங்கிச் சூடாகும். வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து, மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும் வரை பொறுத்து, குறைந்த அளவை நிரப்பி மூடுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஆறின பிறகு டப்பாவைத் திரும்பப் பாருங்கள். கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பாலாறு_பல்சர்:
சரி அக்கா. சிலிகேட் இல்லாத ரெடி மிக்ஸ், மைனஸ் 37, நிறம் சிவப்பு. நிறத்துக்காக வாங்கவில்லை என்று லேப் கோட்டு சாரிடம் சத்தியம் செய்கிறேன். பழைய ஓனர் முதலில் ஊற்றியிருந்த கூலண்ட் மிச்சம் அரை கேன் கூடவே கொடுத்திருந்தார், மூடி உடைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றலாமா? வீட்டில் நாய் இருக்கிறது.

லேப்_கோட்டு:
கூடவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். தரையில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நல்ல மூடியுள்ள கேனில் மாற்றி, விஷம் என்று எழுதி, வேலூரில் வண்டி விட்ட கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஸ்பேனர்_மதுரை:
எழுதி ஒட்டுவது ரொம்ப முக்கியம் தம்பி. என் கடைப் பையன் ஒருமுறை சிவப்பு கேனைப் பார்த்து ரோஸ்மில்க் என்று நினைத்து டம்ளர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து கூலண்ட் எல்லாம் பூட்டின பீரோவில்.

ட்ராக்_டே_தம்பி:
அப்படியென்றால் உங்கள் கடையில் கூலண்ட் இருக்கிறது அண்ணே!

ஸ்பேனர்_மதுரை:
கஸ்டமர் கேட்டால் ஊற்றித்தானே ஆக வேண்டும்.

லேப்_கோட்டு:
உங்கள் சொந்த வண்டிக்கு என்ன ஊற்றுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்பேனர்_மதுரை:
என் வண்டி ஸ்ப்ளெண்டர் சார். காற்றுதான்.